முதல் தட்டின் முதுகு

ரெக்கார்டில் முள் இறங்கியதும் பாட்டுக்கு முன்னால் ஒரு கரகரப்பு வரும். எண்ணெய் காய்ந்து கடுகு போடப் போகிற நேரத்துச் சத்தம் மாதிரி இருக்கும். செசிலிக்குப் பாட்டைவிட அதுதான் பிடிக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், சாயங்காலத்துக்குள். "சரின்னாலும் சரி, இல்லன்னாலும் சரி, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுக்கா, இல்லாங்காட்டி அந்த ரூம நான் வேற ஆளுக்கு விட்டுடுவேன்" என்று, தன் வீட்டில் அவளுக்காக ஒரு ரூமைக் காலியாக வைத்திருக்கும் தங்கை ஆரோக்கியம் ஆவடியிலிருந்து காலையில் போனில் கத்தியிருந்தாள். கத்தியது நியாயம்தான். ராயபுரத்தில் செசிலி குடியிருக்கும் வீட்டை இடிக்கப் போகிறார்கள், மற்றக் குடித்தனக்காரர்கள் எல்லாரும் மூட்டை கட்டிப் போயாகிவிட்டது, மாடிப் பக்கம் ஓடு பிரித்து வானம் தெரிகிறது, இவள் மட்டும் மாதா கோயில் பக்கத்தில் இருக்கிறது, மீன் பசுமையாகக் கிடைக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மீனுக்காக ஒருத்தி நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே வாசற்படியைக் கட்டிக்கொண்டு இருப்பாளா, பூனைகூட இந்நேரம் வேறு தெரு பார்த்திருக்கும். காரணம் வேறு. கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாத அவள் புருஷன் தொபியாஸுக்குத் தெரிந்தது அந்தக் கதவு ஒன்றுதான். அவன் எந்த நாளாவது வந்தால் அந்தக் கதவைத்தான் தட்டுவான். இதை அவள் யாரிடமும், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட, வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது முதல் பாட்டு எழுந்துவிட்டது, ஆர்கன் மெல்ல ஏற, பின்னால் கோயில் கோரஸ் பெண்கள் கைதட்ட, ஒரு கறுப்புப் பாடகன் சொல்லே இல்லாமல் ஒரு முனகல் முனகினான், பல்வலிக்காரன் விடியக்காலையில் முனகுகிற மாதிரி. "வந்துட்டான்யா ராசா" என்று வரதராஜுலு நாயுடு கண்ணை மூடிக்கொண்டார். பெரம்பூரில் அவர் வீட்டு மாடி ஹாலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சோல் பாட்டு ரெக்கார்டு கேட்கிற இந்தக் கூட்டம் கூடும். சோல் என்றால் ஆத்மா, கோயிலில் பாடியவன் தெருவுக்கு வந்து பாடினால் அதுதான் சோல் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவர் விளக்கம் சொல்வார். புதிதாக வருகிறவர்கள்தான் அபூர்வம். இன்றைக்குச் செசிலியின் ரெட்டைத் தட்டு. இரண்டு ரெக்கார்டு, நான்கு பக்கம், ஒரே கதை. தொபியாஸ் கடைசியாக லீவில் வந்தபோது ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து சட்டைகளுக்கு நடுவே பொத்தி வைத்துக் கொண்டுவந்தது. ஒருத்தன் வீட்டை விட்டுப் போகிறான், அதுதான் முதல் பக்கம் முழுக்க, அவன் போகிறேன் போகிறேன் என்று பாடுகிற அழகில் கேட்கிறவளே பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள் போலிருக்கும்.

பக்கம் முடிந்து நாயுடு வழக்கம்போல அதே தட்டைத் திருப்பிப் போடக் கையை நீட்டினார், அப்போதுதான் கிருபாகரன், கூட்டத்தில் சேர்ந்து வருஷம்கூட ஆகாதவன், கண்ணாடிக் கடைக்காரன், எதையும் உற்றுப் பார்க்கிற புத்தி, "சார், ஒரு நிமிஷம், அடுத்தது அது இல்ல" என்றான். "என்னா மேன் சொல்றே?" என்றாள் மார்லின், ரயில்வே பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியப் பொம்பளை, நாற்காலியில் அவள் உட்கார்ந்தால் நாற்காலிக்குத்தான் கஷ்டம். கிருபாகரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் ஒரு மாதிரி பிளேயர் உண்டாம், இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் மாட்டிவிட்டால் முதல் தட்டு பாடி முடிந்ததும் இரண்டாவது தானாக மேலே விழுமாம், பிறகு இரண்டையும் சேர்த்துத் திருப்பி வைத்தால் மூன்றும் நான்கும் வரிசையாக வருமாம். "அதுக்காக முதல் தட்டோட முதுகுல நாலாம் பக்கத்தை வெச்சிருக்கான் சார். ரெண்டாவது தட்டுலதான் ரெண்டும் மூணும் இருக்கு. நாம ஒண்ணு முடிஞ்ச உடனே நாலுக்குப் போயிட்டு, அப்புறம் ரெண்டு, மூணு கேட்டுட்டு இருக்கோம்." நாயுடு சிரித்தார். "அதெல்லாம் இல்லப்பா, நம்பர் எழுதியிருக்கு பாரு, தொபியாஸ் கையெழுத்து" என்று தட்டின் நடு வட்டத்தைக் காட்டினார். அங்கே அச்சடித்த எண்ணின் மேல் ஒரு சின்னக் காகிதம் ஒட்டி, பென்சிலால், 2 என்று இருந்தது. கப்பலில் பொருள் மாறிப் போகாமலிருக்க எல்லாரும் பேர் எழுதி ஒட்டுவார்கள், அவன் பேரோடு எண்ணும் எழுதியிருந்தான். கிருபாகரன் செசிலியைப் பார்த்து, "ஆன்ட்டி, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றான், நகத்தால் காகிதத்தின் ஓரத்தை மெல்லக் கிளப்பினான். பழைய பசை, எதிர்ப்புச் சொல்லாமல் வந்துவிட்டது. அடியில் அச்சில் 4. கீழே ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது. பாவம், அதிகம் அடி வாங்கியவர் நாயுடுதான். முதல் பக்கத்துக்கு அடுத்து வருகிற அந்தச் சாத்திய கதவுப் பாட்டுகள் இருக்கின்றனவே, திரும்பி வந்தவன் வீட்டில் அவள் இல்லை என்று புலம்புகிற பாட்டுகள், அதற்கு அவர் எத்தனையோ வருஷமாக ஒரு வியாக்கியானம் வைத்திருந்தார். புறப்பட்ட ராத்திரியே அவனுக்கு ஒரு கெட்ட கனவு வருகிறது, திரும்பி வந்தால் அவள் இல்லை. அந்தக் கனவு பலித்துவிடக் கூடாதே என்றுதான் மீதி இரண்டு பக்கத்தில் அவன் பட்டணத்தில் அவசரமாக வேலை தேடிவிட்டு அடித்துப் பிடித்து ஓடி வருகிறான், வந்து கதவைத் தட்டுகிறான், சுபம். கேட்டவர்கள் தலையை ஆட்டியிருக்கிறார்கள், ஒருத்தர் அழுதுகூட இருக்கிறார். "அப்ப கனவு இல்லியா அது?" என்றார் நாயுடு, கடையில் மிட்டாய் தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்ட பிள்ளை போல. "சரியான வரிசையில ஒரு தரம் கேட்டுடுவோம், தெரிஞ்சிடும்" என்றாள் மார்லின். எல்லாரும் செசிலியைப் பார்த்தார்கள், தட்டு அவளுடையது அல்லவா. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். "போடுங்க நாயுடு சார்" என்று வாய் சொன்னது.

இரண்டாம் பக்கம், அதாவது இத்தனை வருஷம் மூன்றாம் பக்கமாக இருந்தது. பட்டணத்தில் அவன் வேலை தேடுகிற பாட்டுகள், துள்ளலான பித்தளை வாத்தியங்கள், மார்லினின் கால் தரையில் தாளம் தட்டியது, நாயுடு மட்டும் தட்டவில்லை. செசிலியின் காதில் பாட்டு பாதி விழுந்தது, பாதி விழவில்லை, அந்தக் காகிதத்தையே அவள் மனசு திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்த்தது. தெரியாமல் எழுதினானா? தெரியாமல்தான் இருக்க வேண்டும், ஒரு தட்டுக்கு இரண்டு பக்கம், முதல் தட்டில் ஒன்று இரண்டு, அடுத்த தட்டில் மூன்று நான்கு என்று எந்த மனுஷனும் எழுதுவான். ஆனால் அச்சிலே எண் இருக்கிறதே, அதன்மேல் ஒட்டுகிறவன் அதைப் பார்க்காமலா ஒட்டுவான்? பார்த்திருப்பான், அச்சுப்பிழை என்று நினைத்திருப்பான், வெள்ளைக்காரன் கம்பெனிக்காரனுக்கே எண்ணத் தெரியவில்லை என்று சிரித்திருப்பான், அவன் அப்படித்தான், எல்லாம் தனக்குத் தெரியும் என்பான். இல்லை, கப்பலில் யாராவது முழுசாகக் கேட்க வைத்திருந்தால், சரியான வரிசையில், கடைசியில் என்ன ஆகிறது என்று தெரிந்திருந்தால், தெரிந்தே மாற்றினானா? கொண்டுவந்த அன்று பக்கத்து வீட்டிலிருந்து பிளேயரை இரவல் வாங்கி அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, "ஏ புள்ள, அழுவாத, கடசியில வந்துடுவான் பாரு" என்றானே. அழுவாத என்று ஏன் சொன்னான், அவள் அப்போது அழவே இல்லையே. முந்தானையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஏப்ரல் மாதம், அவ்வளவுதான். அதை அழுகை என்று நினைத்துச் சொன்னானா, அல்லது பின்னால் வரப் போகிற அழுகைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தானா? சீ, என்ன புத்தி இது. காகிதம் ஒன்று பிய்ந்தால் மனுஷனையே பிய்த்துவிடுவதா. பாட்டைக் கேள். பாட்டில் அவன் பட்டணத்துத் தெருவில் ஊர்க்காரன் ஒருத்தனைப் பார்த்து, என் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று கேட்கிறான். ஊர்க்காரனுக்குத் தெரியவில்லை. இந்த வரி இங்கே இருந்ததா? இருந்தது, எப்போதும் இருந்தது, கனவுக்குப் பிறகு வந்ததால் பாசமாகக் கேட்டது. இப்போது, ஏதோ போகிற போக்கில் கேட்கிற மாதிரி இருக்கிறது, பஸ் வந்ததும் மறந்துவிடப் போகிறவன் கேட்கிற மாதிரி.

மூன்றாம் பக்கம் ஓட ஆரம்பித்தது, வீடு திரும்புகிற பக்கம், அவள் உயிர் பிடித்துக்கொண்டிருந்த பக்கம். தாளம் ரயில் போல ஓடியது, ஒவ்வொரு பாட்டிலும் ஒரு ஊர் கடந்தது, பெண்கள் பின்னால் இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று பாடினார்கள். வரிசை என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் பேயாட்டம் ஆடுகிறது. கடைசி லீவில் தொபியாஸ் என்னென்ன செய்தான் என்று அவளுக்கு ஜெபமாலை மாதிரி மனப்பாடம். ஜன்னல் கொக்கியை மாற்றினான். ஒழுகிய ஓட்டைச் சரி பண்ணினான். கூடுதலாக ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கி வைத்தான். அவள் டெலிபோன் ஆபீஸ் வேலைக்கு மனுப் போட்டபோது பொம்பளைக்கு எதுக்கு நைட் டூட்டி என்று குதித்தவன், அந்த லீவில் தானே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டான். அவளுடைய அம்மாவிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தான், அவனுக்கும் அம்மாவுக்கும் ஆகாது, எலியும் பூனையும். இதையெல்லாம் அவள் எப்படி அடுக்கி வைத்திருந்தாள் என்றால், அவ்வளவு பிரியமாக இருந்தான், பிறகு போனான், போன இடத்தில் ஏதோ ஆகிவிட்டது. கூடப் போன கப்பல்காரர் ஒருத்தர், தூத்துக்குடிப் பக்கத்து மனிதர், வந்து வாசலில் நின்று செருப்பைக்கூடக் கழற்றாமல், "அமெரிக்காவுல எறங்குனாரும்மா, திரும்ப ஏறல, பொட்டியக் கையிலதான் வெச்சிருந்தாரு" என்று சொல்லிப் போனார். பெட்டியை ஏன் எடுத்துப் போனான் என்று அவள் யோசித்து, திருட்டுப் பயம், கப்பலில் எவனை நம்புவது, அதனால் எடுத்துப் போயிருப்பான் என்று அதற்கும் ஒரு இடம் கண்டுபிடித்து வைத்தாள். நாயுடுவைச் சொல்கிறோமே, அவருடைய வியாக்கியானம் இவளுடையதில் கால்பங்குக்குக் காணுமா. பெட்டியைக் கடைசியில் வைத்தால்தான் அது திருட்டுப் பயம். முதலில் வைத்துப் பார். முதலில் ஒருத்தன் பெட்டியை எடுப்பது என்று தீர்மானிக்கிறான், அதற்குப் பிறகு லீவில் வருகிறான், அதற்குப் பிறகு கொக்கியை மாற்றுகிறான், ஓட்டைப் பார்க்கிறான், ஸ்டவ் வாங்குகிறான், பெண்டாட்டியை வேலையில் சேர்க்கிறான், மாமியாரிடம் சமாதானம் பேசுகிறான், கட்டிலில் உட்கார வைத்து அழுவாத என்கிறான். அதே கொக்கி, அதே ஓடு. ஐயோ, ஒன்றைக்கூட அவள் புதிதாகச் சேர்க்கவில்லை. மாதாவே, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தேன் இந்தக் கண்ணை. கல்லறைத் திருநாள்களில் எல்லாரும் செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும்போது அவள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும் ஏற்றிவிட்டு, தொபியாஸுக்கு ஏற்றினால் செத்துவிடுவான் என்று பயந்து கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பாட்டு மெலிந்துகொண்டே வந்தது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகின. மத்தளம் மட்டும் மிஞ்சி, அதுவும் பாட்டுத் தாளத்தை விட்டுவிட்டுக் கதவைத் தட்டுகிற தட்டு ஆயிற்று. எப்போதும் இந்த இடத்தில் மார்லின் இரண்டு கையையும் விரித்து, "கம் இன், டார்லிங்!" என்று கத்துவாள், எல்லாரும் சிரிப்பார்கள், நாயுடு காப்பி ஃபிளாஸ்கைத் திறப்பார், செசிலியும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மார்லின் இன்றைக்குக் கத்தவில்லை. வாயை மட்டும் திறந்து மூடினாள்.

நாலாம் பக்கத்தைப் போடுவதற்கு முன் நாயுடு அந்தத் தட்டைத் துணியால் நீண்ட நேரம் துடைத்தார், அவ்வளவு தூசு அதில் இல்லை. முள் இறங்கியது. கதவு திறக்கிற மாதிரி ஆர்கன் ஒரு இழுப்பு இழுத்தது, முதல் குரல் பாடகனுடையது அல்ல, ஒரு பெண், யாரோ ஒரு அந்நியப் பெண், யார் வேணும் உங்களுக்கு என்று பாடினாள். இதைக் கனவு என்று எத்தனை தரம் கேட்டிருக்கிறாள். கனவில் ஒரு பெண் கதவைத் திறந்து யார் வேணும் என்றால் பயமாக இருக்கும், விழித்தால் போய்விடும். இப்போது போகிறதாக இல்லை. அவள் இங்கே இல்லை, போய்ப் பல நாள் ஆயிற்று, எங்கே என்று சொல்லவில்லை என்று அந்தப் பெண் பாடிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், பிறகு மீதிப் பக்கம் முழுக்க அவன் தெருவில் நின்று பாடுகிறான். அவன் குரல் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து இன்னொரு குரல் வந்து, என்ன பாட்டு அது, மனுஷன் தொண்டையை அறுத்து வைத்துவிட்டுப் பாடுகிறான், பின்னால் அந்தக் கோயில் பெண்கள் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை, அவன் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள், நீ போனாய், நீ போனாய். கனவுப் பக்கமாக இருந்த காலத்தில் இது நன்றாக இருந்தது, இப்போதுதான் இது பாட்டு. கிருபாகரன் தலையைக் குனிந்துகொண்டான். மார்லின் மூக்கை உறிஞ்சினாள். செசிலிக்கு அழுகை வரவில்லை, அவளுக்கு ஒரு கேள்விதான் வந்தது, அவன் விட்டுவிட்டுப் போன அந்தப் பொம்பளை எங்கே போனாள்? ஒரு பக்கம் முழுக்க அவனே பாடுகிறான், அவன் வலி, அவன் கால், அவன் பெட்டி, அவள் எங்கே என்று ஒரு வரி இல்லை. அவளுக்கும் ஒரு தங்கை இருந்திருப்பாளா? ஏதாவது ஒரு ஊரில் ஒரு ரூம், வாசலில் சிமெண்ட்டுத் தொட்டி, காலையில் தண்ணீர் தாராளமாக வந்து, மத்தியானம் தூங்குகிறாளா? மத்தியானத் தூக்கம். செசிலி மத்தியானம் தூங்கியதே கிடையாது, தட்டினால் கேட்க வேண்டும் என்று. வெளியூர்க் கல்யாணம் என்றால் ராத்திரிக்குள் திரும்பிவிடுவாள். ஆரோக்கியம் பிரசவத்துக்குக்கூட ஒரு நாளுக்கு மேல் தங்கவில்லை, அப்போது ஆரோக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இவ்வளவையும் கொட்டிக் கொடுத்தது ஒரு கதவுக்கு. கதவுக்குத் தெரியுமா. கடைசிப் பாட்டு முடியவில்லை, அப்படியே தேய்ந்து தேய்ந்து, அவன் இன்னும் பாடிக்கொண்டேதான் இருக்கிறான், நமக்குக் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டான், அவ்வளவே.

முள் வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை. "பாவம் மேன் அந்த ஆளு" என்றாள் மார்லின் கைக்குட்டைக்குள்ளிருந்து, "அவ்ளோ தூரம் வந்து." நாயுடு எழுந்து முள்ளைத் தூக்கி வைத்தார். அவர் முகம் ஒரே மத்தியானத்தில் வயசாகியிருந்தது, ஆனாலும் நல்ல மனுஷன், தன் வியாக்கியானம் போன துக்கத்திலும் செசிலியைத்தான் பார்த்தார். தொபியாஸ் கதை அவருக்குத் தெரியும், தெரியாதது போலவே இத்தனை வருஷம் காப்பி ஊற்றிக் கொடுத்திருக்கிறார். "செசிலிம்மா, மூணாம் பக்கத்த இன்னொரு தரம் போடட்டுமா? அந்தக் கதவு தட்டுற எடத்துலயே நிறுத்திக்கலாம். நம்ம வழக்கம் அதுதான? எவன் எந்த வரிசையில அடிச்சா நமக்கென்ன" என்றார். அவள் ஆசைப்பட்டாள், பொய் சொல்வானேன், உடம்பு முழுக்க ஆசைப்பட்டாள், அந்தக் கதவுத் தட்டல் வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட. "வேணாம் நாயுடு சார்" என்றாள், "கேட்டாச்சு." தட்டுகளை உறையில் போடப் போனவள் போடாமல் அவர் மேஜைமேலேயே வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மாடி வராந்தாவுக்கு வந்தாள். கீழே தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான், மணி அடிக்கிற கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எதிர்முனையில் ஆரோக்கியம் எடுத்துவிட்டது தெரியாமல். "அக்கா? இன்னாக்கா, பேசு." "அந்த ரூம விட்டுடாத" என்றாள் செசிலி, "நான் வரேன்." எதிரே சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள், அத்தனை வருஷம் டெலிபோன் ஆபீஸில் இருந்தவளுக்குச் சும்மா இருக்கும் லைனுக்கும் அறுந்த லைனுக்கும் வித்தியாசம் தெரியும், இது சும்மா இருக்கும் லைன். பிறகு ஆரோக்கியம், கத்தாமல், அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே செசிலிக்குத் தெரியாது, மெதுவாகச் சொன்னாள், "சரிக்கா. அங்க முக்குக் கடைல யார்கிட்டயாவது நம்ம வூட்டு அட்ரஸ் எழுதிக் குடுத்துட்டு வா. மாமா வந்து கேட்டா சொல்லட்டும்." அப்படியானால் இவளுக்கும் தெரிந்திருக்கிறது. மீன், கோயில் என்று சொன்னபோதெல்லாம் தெரிந்தேதான் சண்டை போட்டிருக்கிறாள். செசிலி சுவரைப் பிடித்துக்கொண்டாள், வாய் கோணிக்கொண்டு வந்தது. "யார்கிட்டயும் குடுக்க வேணாம், ஆரோக்கியம்" என்றாள்.